அந்தக் கடலிலேயே விழுந்தது

மரியநாதபுரம்,
திண்டுக்கல்.
28.3.2004

அன்பு மருமகள் இளவேனிலுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அந்தோணிராஜ் பனிக்கடல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று போனில் சொன்னாய். அங்கே தபால் போகாது என்றதால் இந்தக் கடிதத்தை உன் பெயருக்கே எழுதுகிறேன்.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் நகராட்சிக்காரர்களே சிரிக்கிறார்கள். எரியோட்டிலிருந்து உன் அப்பா முருங்கைக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். உன் அத்தை வாங்கிக் குழம்பு வைத்தாள். நம் மாதா கோயிலில் ஒரு பெண் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கல்யாணப் படத்தை எடுத்து டிவி மேல் வைத்திருக்கிறாள். மெல்ல மெல்லச் சரியாகும்.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மீரானைத் தெரியுமல்லவா? நான் மருந்தாளுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அவர் கடைக்குத்தான் போகிறேன். பையனுக்கு என்ன வேலை என்று கேட்டார். எனக்குப் புரிந்த வரையில் சொன்னேன். உறைந்த கடலின் கனத்தைச் செயற்கைக்கோள் நேராக அளக்காது. பனிக்கட்டி தண்ணீருக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று மட்டும் பார்க்கும். பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும், மீதியைக் கணக்குப் போட்டு எடுப்பார்கள். ஆனால் மேலே பெய்து கிடக்கும் தூள்பனி அதைக் கீழே அமுக்கிவிடும், அந்தப் பாரம் தெரியாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். அதனால் ஆட்கள் போய் ஓட்டை போட்டு அளந்து வருகிறார்கள் என்றேன். மீரான், “அம்புட்டையும் மேல இருந்தே பாக்குற மிஷினு, இதுக்கு மட்டும் ஆள அனுப்புதா?” என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அத்தை அந்தோணிராஜ் காதை மூடிக்கொள்கிறானா என்று கேட்கச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும். அவனோடு பேசும்போது சொல்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.
அன்புடன் மாமா,
கஸ்பார்


மரியநாதபுரம்,
3.11.2005

அன்பு மகள் இளவேனிலுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன். உன்னிடமிருந்து போன் வருவதில்லை. வராத காரணம் எனக்குத் தெரியும். கடிதமாவது போடுகிறாயே, அதுவே போதும்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. தெருவே செவ்வந்திப் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. நாங்கள் எங்கே போவது? அந்தோணிராஜின் உடல் கிடைக்காவிட்டாலும் பெயர் வெட்டி ஒரு கல் நடலாம், நான் வந்து மந்திரித்து ஆசீர்வதிக்கிறேன் என்று பங்குச் சாமியார் இரண்டாவது முறையாகச் சொல்லி அனுப்பினார். உன் அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். “உள்ள ஒண்ணுமில்லாத குழிக்கு எதுக்கு மெழுகுதிரி?” என்றாள். பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு உன் அத்தை வாயில் போனது அந்தக் கஞ்சி ஒன்றுதான்.

அவன் போய் ஒன்றரை வருடமாகியும் ஊரில் யாராவது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புதுப்பனி மூடியிருந்த வெடிப்பு, முன்னால் போனவன் பனிவண்டியோடு உள்ளே போய்விட்டான், பின்னால் வந்தவர்கள் கயிறு வீசுவதற்குள் முடிந்துவிட்டது என்று நீ சொன்னதையே சொல்கிறேன். சொல்லிச் சொல்லி, இப்போது வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல என் வாயிலிருந்து வருகிறது. அது எனக்கே பயமாக இருக்கிறது.

போன மாதம் ரஷ்யாவிலிருந்து ஏவிய உங்கள் செயற்கைக்கோள் ராக்கெட் கோளாறில் விழுந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். வடதுருவத்துக் கடலில் என்றார்கள். அதற்காகத்தானே இவன் பனியில் ஓட்டை போட்டு அளந்தான்? நான் டிவியை அணைப்பதற்குள் உன் அத்தை கேட்டுவிட்டாள். “எம்பிள்ள கெடக்குற கடல்லயா?” என்றாள். ஆமாம் என்றேன். “அதையாவது தேடி எடுப்பாங்களா?” என்றாள்.

அவன் நின்ற பனிக்கட்டி எங்கெங்கோ மிதந்து போய் உருகியும் இருக்கும், இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்று நீ எழுதியிருந்தாயே, அதை இன்னும் அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கடலிலும் ஒரு இடம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மகளே, சேதி வந்த அன்றைக்கு அவள் போனில், “எம்பிள்ளைய நீதான் கூட்டிப்போயி கொன்ன” என்று உன்னிடம் கத்தினாள். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவனை வெளிநாட்டுக்கு, பனியை ஆராயும் உன் துறைக்கு நீதான் இழுத்தாய் என்பது அவள் எண்ணம். அவனாக விரும்பி வந்தான் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். பெற்ற வயிறு, யார் மேலாவது எரிந்துதான் தீரும். உன் மேல் எரிந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் செயற்கைக்கோளே போய்விட்டது என்றால், அவன் அளந்ததெல்லாம் வீணா? எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் மாமா,
கஸ்பார்


மரியநாதபுரம்,
12.3.2006

அன்பு மகள் இளவேனிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லேசர் கொண்டு அளக்கும் வேறொரு செயற்கைக்கோள் ஏற்கெனவே சுற்றுகிறது, அதன் கணக்கைச் சரிபார்க்க அந்தோணிராஜ் எடுத்த அளவுகளைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். விழுந்ததற்குப் பதிலாக இன்னொன்று கட்டப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை உன் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பனி வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டு வருகிறது என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். “மெலிஞ்சா இன்னும் லேசா ஒடையும்ல?” என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்த பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. இந்த ஏப்ரலில் பனிக்கு நீயே போகப்போவதாக எழுதியிருந்த பக்கம் அது.

ஆனால் மறுநாளே உன் அப்பா வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்காத மனிதர். எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நடையிலேயே நின்றார். “சம்மந்தியம்மா, எம்மக பனிக்குப் போறேங்குறா, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பா” என்று கும்பிட்டு அழுதார். உன் அப்பா முத்துச்சாமி அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தோணிராஜுக்கு நடந்தபோதுகூடத் தெருவோரமாக நின்று தலைகுனிந்தபடியே போய்விட்டவர்.

உன் அத்தை அவரை உட்காரச் சொன்னாள். சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். “அவ அளக்கப் போகலங்க. நான் சொன்ன சொல்லுக்குப் போறா. திரும்பி வரக்கூடாதுன்னு போறா” என்றாள். அப்படியெல்லாம் இருக்காது, அது அவள் வேலை என்று நான் சொன்னேன். “நான் பொம்பள. எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு அவன் போனதிலிருந்து நான் கேட்காத குரலில் அழுதாள். அழுதுகொண்டே உன் பெயரைச் சொன்னாள். இத்தனை நாளில் உன்னைப் பெயர் சொல்லி அவள் குறிப்பிட்டதே இல்லை.

எனக்கு உன் மனம் தெரியாது, மகளே. உன் அத்தை நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உன் படிப்புக்காக, அந்த வேலை உனக்குப் பிடித்திருப்பதற்காக நீ போவதாக இருந்தால் குறுக்கே நிற்க எனக்கு உரிமையில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொள், முன்னால் போகாதே என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எங்களுக்கு ஈடு கட்டுவதற்காகப் போகிறாய் என்றால் போகாதே. நாங்கள் உன்னிடம் கேட்பது அது இல்லை. அந்தக் கடலுக்கு இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆளைக் கொடுக்க எங்களால் ஏலாது.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உனக்குப் போன் போட வேண்டும் என்று உன் அத்தை சொல்லியிருக்கிறாள். நேற்றும் எண்களை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் பேச்சு வராமல் போகலாம். எதிர்முனையில் சத்தமே இல்லையென்றால் வைத்துவிடாதே, அம்மா. அது அவள்தான். நீ என்ன சாப்பிட்டாய், அங்கே வெயில் வந்ததா, எதையாவது சொல்லிக்கொண்டிரு. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருப்பாராக.

உன் மாமாவும் அத்தையும்,
கஸ்பார், செபாஸ்தியம்மாள்