இரண்டு நாளில் மறையும் புள்ளிகள்

கிளிநொச்சி, 5.1.1958, ஞாயிறு

காணி அளக்க நில அளவைக் கந்தோர் தந்த தியோடலைற்றின் தொலைநோக்கியை இன்று சூரியனுக்குத் திருப்பினேன். கண் வைக்கும் இடத்தில் மாட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் சூரியன் தாளில் விழுகிறது. முகமெல்லாம் புள்ளி! காந்தம் பொங்கி வெளியே வரும் இடங்களாம். சோடி சோடியாக வருமாம். ஒன்று வடக்கு, மற்றது தெற்கு. மனைவி இராசமலர் எட்டிப் பார்த்தாள். "சூரியனுக்கும் அம்மை வந்திட்டுதோ, கொப்பளிப்பானோ?" இந்த மனுசியிடம் விஞ்ஞானம் பேச முடியாது.

7.1

நேற்று பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சோடி இருந்தது. இன்று இல்லை. என்ன இது? இலங்கையை விடப் பல மடங்கு பெரிய இடம் ஒரே நாளில் எப்படி இல்லாமற் போகும்? தாளைத் துடைத்தேன், திருப்பிப் பிடித்தேன். இல்லை. பெரிய புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்து அப்படியே இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

14.1, தைப்பொங்கல்

முற்றத்தில் பொங்கிப் படைத்துச் சூரியனைக் கும்பிட்டோம். வெயில் ஏறிவிட்டது. கும்பிட்ட கையோடு, சுவாமியைக் கிட்டத்தில் பார்ப்போம் என்று போய் தியோடலைற்றில் வலக்கண்ணை வைத்தேன். வேலையில் சூரியனைப் பார்க்கும்போது கறுப்புக் கண்ணாடி எப்போதும் மாட்டியே இருக்கும் — அந்தப் பழக்கம். இன்று இல்லை. பக்கத்து வீட்டு நாகேஸ்வரிக்குத் தாளில் காட்டவென்று மலர் கழற்றியிருக்கிறாள்.

ஒரு கணம்தான். ஒரு கணம்தானே?

15.1

பார்க்கிற எழுத்து மட்டும் இல்லாமற் போகிறது, சுற்றியிருப்பது தெரிகிறது. இடக்கண் பிறப்பிலேயே மங்கல். வலக்கண்தான் எனக்குச் சோறு போட்டது. ஐயோ, இனி நான் என்ன செய்வன்?

18.1

வவுனியா ஆசுபத்திரி. டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "உள்ளுக்குச் சுட்டுப்போட்டுது. திரும்பி வராது. கண்ணாடியை ஆர் கழற்றினது?"

"நான்தான், ஐயா" என்று நானே முந்திச் சொன்னேன்.

மலர் கதிரையில் தலை குனிந்தபடி இருந்தாள்.

26.1

கந்தோரில் விசாரணை வைக்கப் போகிறார்களாம். என் கவனக்குறைவு என்றால் வேலையும் பென்சனும் போய்விடும். போகட்டும். ஊர் வாயில் அவள் விழக்கூடாது. எழுதினால் வரிமேல் வரி ஏறுகிறது.

2.2, ஞாயிறு

இதை எழுதுவது இராசமலர். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். காலையில் தாளைப் பிடித்துப் பார்த்துச் சொன்னேன்: புதிதாக இரண்டு சின்னப் புள்ளி, வெள்ளிக்கிழமைச் சோடியைக் காணவில்லை. "அதுவும் போட்டுதோ!" என்று வாயைப் பிளந்தார். பிறகு, "நாளைக்கு விசாரணை. கண்ணாடியைக் கழற்றினது நான்தான் எண்டு எழுது, மலர். ஆரும் கேட்டால் நீயும் அப்பிடியே சொல்லு" என்றார்.

எழுதிவிட்டேன். ஆனால் அப்படிச் சொல்லமாட்டேன். நாளை கந்தோருக்கு அவரோடு நானும் போகிறேன்.