கரை மட்டும் சிவந்தது

காஞ்சிபுரம்

அன்பு மகன் மகாவீருக்கு அப்பா எழுதிக்கொள்வது. அருகன் அருளால் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் முடியவில்லை, உன் மனைவி ஜனனி வாலாஜாபாத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். ‘ழ’ சரியாக விழும்போதெல்லாம் நிறுத்தி ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கை அரிப்புக்கு நீ களிம்பு கொடுத்தனுப்பினாய். தடவத் தடவப் புண் முழங்கை வரை ஏறியது. ஒட்டிக்கொள்ளும் என்று உன் அம்மா அவள் டம்ளரைத் தனியாக வைத்தாள். நீயோ போனில், “ஒழுங்கா தடவினா ஏன் ஆறல, வேலைக்கு டிமிக்கி குடுக்கறியா” என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றிலிருந்து அவள் இன்னும் அழுத்தித் தடவினாள், கை இன்னும் கெட்டது. பார்க்கப் பொறுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, உன் களிம்பையும் சேர்த்து முதுகில் வில்லை வில்லையாக மருந்துகளை ஒட்டி, குளிக்கக் கூடாது என்று அனுப்பினார்கள், இந்த வெயிலில். பிரித்த அன்று தோலில் ஒன்றுமே இல்லை. “பாத்தியா, எல்லாம் நடிப்பு” என்றாள் உன் அம்மா. டாக்டரம்மா மட்டும் அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார். போனால், உன் களிம்பு வைத்த இடத்தில் நடு வெளுத்து, புடவைக்குக் கரை பிடித்ததுபோல் சுற்றிலும் சிவந்திருந்தது. அதில் இருக்கிற, அரிப்பை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம், தான் கிளப்பும் அரிப்பையும் தானே கொஞ்ச நாள் அடக்கி வைப்பதால் தாமதமாகத்தான் தெரியுமாம். வேறு வகை களிம்பு கொடுத்தார், கை ஆறிக்கொண்டு வருகிறது. உன் அம்மா அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள். மறுநாளே ஜனனி பையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது, “மருந்து ஒத்துக்கலன்னு முதுகுல ஒட்டிப் பாத்து சொல்லிட்டாங்க மாமா, உங்க புள்ள பேச்சு ஒத்துக்கலன்னு யாரு சொல்லுவாங்க” என்றாள். நான் சொல்லுகிறேன் என்று அப்போது வாயில் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நீ நன்றாக இருக்க வேண்டும். களிம்பு இனிமேல் அனுப்பாதே. முதலில் அவளுக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போடலாம். இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், திருத்த வீட்டில் ஆள் இல்லை.

உன் அப்பா
நேமிநாதன்