நான் வாளெடுத்த தவக்காலம்

மார்ச் 3, ஞாயிறு
நீண்ட ஆலோசனைக்குப் பின், பூசை முடிந்து கொட்டாஞ்சேனைச் சந்தியைக் கடக்கையில், குருத்துவத்தைத் துறந்து வாளேந்துவதென முடிவெடுத்தேன். திருச்சபைக்கு இதனால் பாதிப்பில்லை. நான் குருவாக இருப்பது கணினி விளையாட்டில். சில வருடங்களாக என்னோடு விளையாடும் மெல்ரோய் வாளோடு முன்னே ஓடுவான். நான் பின்னால் நின்று கோலை உயர்த்தி அவன் காயங்களை ஆற்றுவேன்.

நேற்று சதுப்பில் ஒரு ட்ராகனைக் கொன்றோம். நல்லதொரு வாள் கிடைத்தது. மெல்ரோயிடம் அதைவிட நல்லது இருந்ததால் நான் எடுத்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. தொழிற்பழக்கத்தில் உடனே மொழிபெயர்த்தேன்: "உமது வகுப்பினர் இவ்வாயுதத்தை ஏந்த உரித்துடையரல்லர்." குருமார் கோலால் மண்டையை உடைக்கலாம். கூர் மட்டும் ஆகாது. இந்தச் சட்டத்தை வரைந்தவர் எங்கள் புதுக்கடை நீதிமன்றங்களில் நன்றாகப் பிழைத்திருப்பார்.

மார்ச் 4, திங்கள்
கைகலப்பு வழக்கு. "நான்தான் அடித்தேன்" என்று நீதவானுக்குச் சிங்களத்தில் சொன்னேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் "நான்" என்றால் அது எப்போதும் வேறு யாரோ.

மதியம், பக்கத்து மேசை ஜவாஹிறாவிடம் முடிவை அறிவித்தேன்.
"வாளா? ஒங்களுக்கு மீன் வெட்டவே ஏலாதே!"

மார்ச் 6, புதன்
ஹெட்போனில் மெல்ரோயிடம் சொன்னேன்.
"அக்கா, விசரே உங்களுக்கு? அப்ப என்னை ஆர் சுகப்படுத்துறது?"
"மருந்துக் குப்பி வாங்கு."
"ரெண்டு பேரும் வாளோட போனா ரெண்டு பேரும்தான் சாவம். பிறகு திரும்பிக் குருவா வரவும் ஏலாதாம். கீழ எழுதியிருக்கு, வாசிச்சனீங்களா?"
சிறிய எழுத்தை வாசிப்பதுதான் என் பிழைப்பு என்றேன்.

அவன் இதே கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறான். "ஒருநாள் வாங்கோவன்" என்பான். போனதில்லை. அவனும் வந்ததில்லை.

மார்ச் 7, வியாழன்
வாளேந்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு
சதுப்பில் செத்தோம். மறுபடியும் செத்தோம். சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கையில், "அக்கா, இப்ப ஒரு செபம் சொல்லுங்கோ பாப்பம்" என்றான். வயிறு நோகச் சிரித்தேன். மேல்மாடிக்காரர் தரையில் தட்டினார்.

மார்ச் 15, வெள்ளி
"அக்கா, பிழையா நினைக்காதேங்கோ. ஒரு குறூப் கூப்பிடுறாங்கள். அங்க குரு இருக்காம். வாளுக்கு ஒரு இடம்தான்."
"போவன். இதுக்கெல்லாம் கேக்க வேணுமே?" என்றேன்.
நான் செய்தவற்றில் மிகச் சரளமான மொழிபெயர்ப்பு.

மார்ச் 21, வியாழன்
இன்று என்னைப் பெயர் சொல்லி அழைத்த ஒரே ஆள்: நீதிமன்றச் சேவகர். பெயர் பிழை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு
விளையாட்டில் கோட்டை வாசலில் வாளோடு நின்றேன். அங்கே நின்ற எல்லோரிடமும் வாள்தான். யாரும் கதைக்கவில்லை, எல்லோரும் ஒரு குரு வருவாரென்று பார்த்திருந்தோம்.

சிறிய எழுத்தை உண்மையில் வாசித்தேன். அவன் போய்விடுவான் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"போகாதை" — ஒரு சொல்லுத்தானே? ஆரோ செய்த அடிதடியை எல்லாம் ரெண்டு பாசையில சொல்ற வாய்க்கு அதைச் சொல்லேலாமப் போச்சா?

மார்ச் 28, பெரிய வியாழன்
கோட்டை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில், என் மொழிபெயர்ப்பில்:
"எமது குரு விலகிவிட்டார். வேறொருவர் உடன் தேவை. நிலை அறுபதும் அதற்கு மேலும். வாள்காரர் வேண்டாம். — மெல்ரோய்."

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு
பூசையிலிருந்து வந்து புதிதாக ஒரு குருவைத் தொடங்கினேன். நிலை ஒன்று. பெயர் வேறு. தொடக்கக் கிராமத்தில் ஆளுக்கொரு கோல் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கோலால் ஓர் எலியை அடித்தேன். அது சாகவில்லை.