பம்புக்கு அடியில் ஒரு ஓட்டை

ஜூன் 9, செவ்வாய்

வண்டி கொதித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, சிறுபாலம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி. இறங்கி பானெட்டைத் திறந்தேன். திறந்து என்ன செய்ய? எனக்கு ஓட்டத் தெரியும், டீசல் போடத் தெரியும், அவ்வளவுதான். மீதியெல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைத் தொடப் பயந்துகொண்டு, தூறலில் மரம் மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். சேறு முழங்கால் வரை. அவரிடம் சொல்லவில்லை. டெஸ்ட் எடுக்க ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காயப்போட்டுப் படுத்திருப்பவரிடம் இதை வேறு எதற்கு?

ஜூன் 10, புதன்

மெக்கானிக் டிராக்டரில் கட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போனார். "வாட்டர் பம்ப் போச்சும்மா." எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடுவது அதுதானாம். எப்போது கிடைக்கும் என்றேன். "நாளைக்கு" என்றார். அவருக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயரே 'நாளைக்கு'தான்.

ஜூன் 11, வியாழன்

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டதாம். வயிறு முழுக்கப் பரவிவிட்டதாம். "இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பிடறோம். வீட்டுல வெச்சு, வலி இல்லாம பார்த்துக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன். கடையில் விலை சொன்னால் ஆட்டுவது போல.

அப்புறம் கேட்டார்: "ரொம்ப நாளாவே வலி இருந்திருக்கும். உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லை. ஒரே கட்டிலில் படுப்பவள் நான். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னபோது அந்த ஆள் பார்த்த பார்வை இருக்கிறதே — ஐயோ, எப்படித் தெரியாமல் போச்சு எனக்கு? குருடியா நான்?

வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "வீட்டுக்குப் போயிடலாம்மா. ஜன்னலோரமா கட்டிலப் போட்டு வை" என்றார், ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி.

ஜூன் 12, வெள்ளி

ஆம்புலன்ஸ் டிரைவர் கையை விரித்துவிட்டார். "பாலம் வரைக்கும் வரேன். அதுக்கு மேல அந்தச் சேத்துல என் வண்டி ஏறாது." நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் ஏறும். அந்த வண்டி பட்டறையில் வாயைப் பிளந்து கிடக்கிறது. போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் சாக்கில் பரப்பி வைத்திருக்கிறார். பம்பைக் கழற்றும்போது ஒரு போல்ட் உள்ளேயே முறிந்துவிட்டதாம்.

நாத்தனார் போன் செய்தார். "என் வீட்டுக்குக் கொண்டுவா. லிஃப்ட் இருக்கு, டாக்டர் பக்கத்துல இருக்கார். அந்தக் காட்டுல ராத்திரி ஒண்ணுன்னா என்ன பண்ணுவ?" நியாயம்தான். அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடு ஹோவென்று இருக்கிறது. வாளியின் அடி, நாற்காலிக் கால், என் மூக்குக்கண்ணாடியின் காது — எங்கே பார்த்தாலும் அவர் ஓட்டை, விரிசல் அடைக்கும் சாம்பல் நிறப் பசை. பிசைந்து அப்பி, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். கல்லாகிவிடும். இந்த வீட்டில் அவர் பசை வைக்காதது நான் ஒருத்திதான்.

ஜூன் 13, சனி

நாளைக்காம்.

ஜூன் 14, ஞாயிறு

புது பம்ப் வந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எல்லா போல்ட் ஓட்டையும் உக்காருதும்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் உக்காரல."

"அந்த ஒண்ணு இல்லாம ஓடாதா?"

சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், மனிதர் சட்டென்று எழுந்து தன் டீயை என்னிடம் நீட்டினார். வேறு பம்புக்குச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் நாத்தனார் வீடுதான். அங்கே போனால் அவர் திரும்பி வரமாட்டார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூன் 15, திங்கள்

முறிந்த போல்ட்டை மெக்கானிக் துளைபோட்டு எடுத்துவிட்டார். ஒரு நல்ல செய்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பழைய பம்பைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இதப் பாருங்கம்மா. அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கணும். உள்ள தண்ணிய தடுக்கிற சீல் போச்சுன்னா அது வழியா சொட்டும். 'என்னை மாத்து'ன்னு சொல்றதுக்காகவே வெச்சது. எவனோ புண்ணியவான் அடைச்சு வெச்சிருக்கான். சொட்ட வழியில்லாம தண்ணி பேரிங்குக்குள்ள போயி, மொத்தமும் போச்சு."

ஓட்டையில் சாம்பல் பசை. நடுவில் கட்டைவிரல் ரேகை. எவனோ இல்லை. எனக்குத் தெரியாத ரேகையா அது?

ஜூன் 16, செவ்வாய்

பம்பைப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். போர்வை மேல் தொப்பென்று வைத்தேன். நர்ஸ் ஓடிவந்தாள். வரட்டும்.

"என்ன இது?" என்று இவரைக் கேட்டேன்.

பார்த்தார். "வாசல்ல சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நீ பார்த்தா பயந்துக்குவியேன்னு..."

"பயந்தா என்ன? பயந்துட்டு போறேன்! சொட்டினா மாத்தியிருக்கலாம்ல? வலிச்சா சொல்லணும்யா! எத்தனை மாசமா? பக்கத்துலதானே படுத்திருந்தேன், நான் என்ன கட்டையா? எல்லாத்தையும் அடைச்சு அடைச்சு வெச்சா நான் எப்படித்தான் கண்டுபிடிப்பேன்? சொல்லுய்யா!"

இத்தனை வருஷத்தில் அவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் பம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "சொன்னா மட்டும் நீ என்ன பண்ணியிருப்பே?" என்றார், மெதுவாக.

என்ன பண்ணியிருப்பேன்? பம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் முழுக்க அழுதேன். கூடவாவது இருந்திருப்பேனே.

ஜூன் 17, புதன்

மழை. போகவில்லை. என் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாகப்போகிற ஆளிடம் கத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டேன்.

ஜூன் 18, வியாழன்

பம்ப் உட்கார்ந்துவிட்டது! எல்லா ஓட்டையும். மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து, பம்பின் அடி ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினார். காய்ந்திருந்தது. "நாளைக்கு எடுத்துக்கிறீங்களா?" என்றார். இன்றைக்கே என்றேன். போன் செய்து சொன்னேன். "வாம்மா" என்றார் இவர்.

ஜூன் 19, வெள்ளி

கூட்டிவந்துவிட்டேன்.

நர்ஸ் வலிமருந்தை என் கையில் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று இரண்டு தடவை சொன்னாள். நாத்தனார் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, அழுதுகொண்டே பின்சீட்டில் தலையணைகளை அடுக்கினார். இவர் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றார். உட்கார்ந்தார். எடையே இல்லை, என் கைப்பையை வைத்த மாதிரி.

பாலம் தாண்டி, நாலு சக்கரத்துக்கும் மாற்றி, ஏற்றத்தில் பாதி வந்திருப்பேன்.

"ஏம்மா, நிறுத்து."

சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில்தான் நின்றது. ஆவி இல்லை, வாடை இல்லை. "என்னங்க? வண்டில ஏதாவது சத்தம் கேக்குதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." என் கையைப் பிடித்து இழுத்து, வயிற்றின் இடது பக்கம் வைத்தார். "இங்க. ரொம்ப வலிக்குது."

எஞ்சினை நிறுத்தினேன். மருந்தைக் கொடுத்தேன். அது வேலை செய்யும்வரை கையை அங்கேயே வைத்துக்கொண்டு சேற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் முனகினார். சத்தமாகவே முனகினார்.

இப்போது ஜன்னலோரம் படுத்திருக்கிறார். இதோ, கூப்பிடுகிறார். மறுபடியும் வலிக்கிறதாம்.

போகிறேன்.