மக்குக் குழி

1979 ஐப்பசி, செவ்வாய். விடாத மழை.

பள்ளித் தோட்டத்தில் உரத்துக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். பெரிய வாத்தியாரே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்து, "பாட்டி, உங்க மாட்டுச் சாணி ரெண்டு வாளி குடுங்க லா" என்று கேட்டார். என் மகனை வகுப்பு நடுவில் நிறுத்தி "மக்கு" என்று சொன்ன வாய்தான் அது. அன்றோடு பள்ளியை விட்டவன் இன்றும் களைக்கு மருந்து அடிக்கிறான். நான் மறக்கவில்லை. அங்கே படிக்கிற பேத்தி வள்ளி, தானே கொண்டு போய்க் கொடுக்க ஆசைப்பட்டாளே என்றுதான் கொடுத்தேன். அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே "மக்குக் குழி" என்று பலகை எழுதி நட்டிருக்கிறார். குப்பை மக்குகிற குழியாம். வள்ளிக்கு இன்னும் வாசிக்க வராது. "மக்கு வந்துட்டா! எறங்குடி, ஒன் வீடு இதான்" என்று பிள்ளைகள் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தாராம்.

முழங்கால் வரை சாணியோடு வந்து நின்றாள்.

"இனிமே போவல பாட்டி."

அவள் அப்பன் அன்றைக்குச் சொன்னதும் இதுதான். இன்று அவனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடும்மா, கொழுந்து கிள்ளப் படிப்பு எதுக்கு?" என்றான்.

அவள் பள்ளிச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே போட்டிருக்கிறேன். விடிவதற்குள் காய்ந்துவிடும். யார் உடுத்தப் போகிறார்கள்.