உனக்காகத் தொழுத இரண்டு ரக்அத்

இன்று காலை சாவிக்கொத்தைத் தேடி ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில், பழைய பதிவுப் புத்தகங்களுக்குப் பின்னால், உன் பச்சை முஸல்லா மடித்தபடி கிடந்தது. விரித்தேன். அத்தர் வாசம் இல்லை, குளோரின் நெடிதான். இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறவளின் தொழுகை விரிப்பு வேறு எப்படி மணக்கும்? ஒவ்வொரு தடவையும் வாசலில் இருக்கும் குளோரின் தண்ணீரில் கால் நனைத்துத்தானே உள்ளே போனோம். "மலக்குமார் மூக்கப் பொத்திக்கொண்டுதான் நம்மட தொழுகைய எழுதுவாங்க" என்று, நன்மை தீமை எழுதும் வானவர்களைச் சொல்லி நீ சிரிப்பாய்.

உன்னோடு கதைக்காமல் இருக்க முடியாத நாள் இது. முந்தல் பக்கம் இருக்கும் பெரிய பொரிப்பகத்துக்கு முகாமையாளராகப் போகிறாயா என்று முதலாளி நேற்று என்னைக் கேட்டார். ஆறு வருடத்துக்கு முன் உன்னிடம் கேட்ட அதே வேலை. அன்று அவர் உன்னைத்தான் கேட்டார், என்னை அல்ல.

நீ அதற்குத் தயாரா என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஏழாம் தொட்டிக் குஞ்சுகள் சோர்ந்து அடியில் ஒதுங்கிய காலை நினைவிருக்கிறதா? முதலாளி கொழும்பில். போனும் எடுக்கவில்லை. நான் வெள்ளைக் கோப்பையில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். நீ ஒரு தடவை குனிந்து பார்த்தாய்.

"இது நோய்தான். இந்தத் தொட்டிய முழுசா அழிக்கப் போறன். இதுல பட்ட வாளி, வலை ஒண்டும் மத்தத் தொட்டிக்குப் போகக் கூடாது."

ஒரு தொட்டி போனது, மற்றவையெல்லாம் தப்பின. முதலாளி வந்து கத்துவாரே என்று நான் பயந்து சாக, நீ ஓரமாக உட்கார்ந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தாய். கத்த வந்த மனிதர் உனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வேலை என்றதும் ஆடிப்போனாய். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்த குடும்பம் உன்னுடையது. கையில் இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்க உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். "ஒரு தொட்டிக்கு முடிவெடுக்க ஏலும். முப்பது பேருக்கு வேலை சொல்ல என்னால ஏலுமா?" என்று கேட்டாய். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை என்னிடம் வந்தாய்.

"எனக்குத் தொழுகை இல்லாத நாள்டி. இஸ்திகாரா தொழ ஏலாது. நீ எனக்காகத் தொழுது, மனசு எந்தப் பக்கம் சாயுதெண்டு சொல்லு. உன்ட மனசும் என்ட மனசும் ஒண்டுதானே."

நல்லதா கெட்டதா என்று தெரியாத காரியத்தில் இறைவனிடம் வழி கேட்கும் அந்தத் தொழுகையை அவரவர்தான் தொழ வேண்டுமாம். மாதவிலக்கால் தொழ முடியாத நாளில் அதன் பிரார்த்தனையை, துஆவை மட்டும் கேட்டாலும் போதுமாம். மார்க்கம் படித்த ஓர் ஆலிமா சொல்லி வெகு காலத்துக்குப் பின்தான் அறிந்தேன். நம் வீடுகளில் மருமகளுக்காக மாமி தொழுது சொல்வார், தங்கைக்காக மூத்தவள் தொழுது சொல்வாள். நமக்கு அதில் பிழை தெரியவில்லை. நீ உன் வாழ்க்கையைத் தூக்கி என் கையில் கொடுத்தாய்.

ஞாயிறு பொரிப்பகத்தில் என் முறை. நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின் இதே முஸல்லாவில் இரண்டு ரக்அத் தொழுதேன். உண்மையாகத்தான் தொழுதேன், அதில் குறை வைக்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது நெஞ்சில் ஒரு லேசு. போகட்டும், அவளுக்கு அது நல்லது என்று அவ்வளவு தெளிவாகப் பட்டது. அப்படியொரு தெளிவு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

திங்கள் காலை மாம்புரி பஸ் தரிப்பில் நீ எனக்காகக் காத்து நின்றாய். என் முகத்தையே பார்த்தாய்.

"மனசுக்கு ஒரு மாதிரி இரிக்குடி," என்றேன். "ஒரே இருட்டா இரிக்கு. இப்ப வேணாம் போல."

நீ மறுபடி கேட்கவில்லை. "அப்ப சரி. அல்லாஹ் வெச்சதுதான் நடக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாய். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. இறால் குஞ்சுக்கும் நுளம்புப் புழுவுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ போனால் எனக்கு ஆர் இருக்கிறார் என்ற பயம்தான் என்று எனக்கு நானே பல வருடம் சமாதானம் சொன்னேன். அது பாதிதான். மீதி பொறாமை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே மேசையில் குஞ்சு எண்ணினோம், முதலாளி உன் பெயரை மட்டும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு இறைவனின் பெயரைப் போர்த்தி உன்னிடம் கொடுத்தேன்.

சொல்லிவிட வாய்ப்பும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் தொட்டி கழுவிக்கொண்டே நீ கேட்டாய்: "நான் அப்பவே தயாராத்தான் இருந்தன் போலடி. என்ன?" ஆருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குழாயை இன்னும் கூடத் திறந்துவிட்டேன்.

போன வருடம் நோய் உன்னை மூன்றே மாதத்தில் கொண்டுபோனது. மையித்து வீட்டில் உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வேலைய எடுக்காததும் ஹைர்தான், நல்லதுக்குத்தான் உம்மாண்டு மகள் சொல்லிக்கொண்டே இருந்தா. நீங்க தொழுது சொன்னீங்களாமே. போயிருந்தா இந்த அஞ்சு வருஷம் என்னோட இருந்திருப்பாவா?"

"ஓம் உம்மா" என்றேன். என் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். இன்றுவரை அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி நாளை பதில் கேட்பார். வேலை எனக்குத் தெரியும். அதில் பாதி உன்னைப் பார்த்துப் பழகியது. ஆனால் தயாரா என்று கேட்டால் வாய் வரவில்லை. கூட வேலை செய்கிறவள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்றால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவள், முப்பது பேரில் ஆரை உயர்த்துவாள்?

இன்று ளுஹருக்குப் பின் எனக்காகத் தொழுதேன். லேசும் வரவில்லை, இருட்டும் வரவில்லை. உன் பதிலை உன்னிடம் கொடுக்காமல் எனக்கொரு பதில் கேட்க என்ன முகம் இருக்கிறது? அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொஞ்சமும் மங்கவில்லை. ஆறு வருடம் பிந்திச் சொல்கிறேன், கேள். உன்னைப் போகச் சொல்லித்தான் வந்தது.