அம்மா சொன்னதை நான் வெட்டிய கேசட்

அன்புள்ள மாரியண்ணே,

முன்பெல்லாம் ஷார்ஜாவுக்கு எழுதும்போது 'நலம், நலமறிய அவா' என்று தொடங்குவேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இனி உன் நலத்தை யாரிடம் கேட்பது? எங்கள் சேதியைச் சொல்கிறேன். பள்ளுருத்தி வீட்டில் எல்லோரும் சுகம். உன் மகள் செல்வி கல்லூரிக்குப் போகிறாள். கல்ஃபுக்குப் போனவர்களின் வீடுகளைப் பற்றி நான் எடுத்த படத்தைப் போன வாரம் எறணாகுளத்தில் திரையிட்டார்கள்.

சினிமா எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அண்ணன் முதல் லீவில் கொண்டுவந்த வீடியோ கேமராவில் என்றேன். சிரித்தார்கள். நிஜம்தானே? அப்போது மட்டாஞ்சேரியில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். கல்யாணமோ பால்காய்ச்சோ, கேசட்டில் பிடித்து அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. "அந்தப் பாண்டி வீடியோக்காரனை விளி" என்பார்கள். தமிழன் என்றால் அவர்களுக்குப் 'பாண்டி'தான். எரிச்சலாக இருக்கும்; ஆனாலும் போவேன். பிறகு சென்னையில் உதவி இயக்குநராக அலைந்தபோது, என் தமிழைக் கேட்டு "மலையாளியா?" என்றார்கள். இரண்டு ஊரிலும் நான் வெளியூர்க்காரன்.

நம் வீட்டுக் கேசட்டுகள் நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போட்டு எல்லோரையும் வரிசையாக உட்காரவைப்பேன். "என்னடா, ரேஷன் கடைக் கியூவா?" என்று போனில் கிண்டல் செய்வாய்.

அம்மாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது. கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்கும் போக முடியவில்லை. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துத்தான் உனக்கு அனுப்பிய கேசட்டை எடுத்தேன். அம்மா தெம்பாக இருக்கிறாள் என்று நம்பி நீ லீவைத் தள்ளிப்போட்டாய். சாம்பல் கரைக்கத்தான் வந்து சேர்ந்தாய்.

"கேமரா உன் கையிலதானேடா இருந்துச்சு? எனக்கு ஏன்டா காட்டல?" என்று கேட்டாய். அம்மாதான் மறைக்கச் சொன்னாள் என்றேன். அது பாதி உண்மை.

மீதி இது. எடுத்து முடித்து நான் கேமராவை நிறுத்தப் போகும்போது, "அவன ஒருதடவ வந்துட்டுப் போகச் சொல்லுடா. எனக்கு அவன ஒண்ணு காணணும்" என்றாள். அதுவும் பதிவாகியிருந்தது. உனக்கு நகல் எடுக்கும்போது நான்தான் வெட்டினேன். நீ வேலையை விட்டு வந்துவிட்டால், நான் கேமராவை வைத்துவிட்டு வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகவேண்டி வருமே என்று பயந்தேன். நீ இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்திருப்பாயா, அண்ணே?

படத்திலும் அந்தத் துண்டைச் சேர்க்கவில்லை. ஊர் பார்த்துக் கைதட்டுவதற்கு அம்மா அதைச் சொல்லவில்லை.

செல்விக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா சித்தப்பா எழுதுறீங்க? வாயிச்சுத் தாங்க" என்கிறாள். படத்தைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதக் கேட்டது; இதைத்தான் கொடுக்கப்போகிறேன். அச்சில் வருமுன் அவளுக்கு முழுதாக வாசித்துக் காட்டுவேன். அம்மாவின் கேசட்டையும் வெட்டாமல் போடுவேன். அவள் என்ன கேட்டாலும் இந்த முறை மழுப்ப மாட்டேன், இது சத்தியம். நீ பார்க்காததை உனக்குப் பதிலாக அவள் பார்க்கட்டும்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி முருகேசன்